புகார் வந்த நாளின் சாயங்காலம்

மேல்நிலைப் பள்ளியில் சண்டை பெரும்பாலும் பாடம் நடக்கும்போது வராது. இடைவேளை முடிந்து மணி அடித்ததற்கும் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைவதற்கும் நடுவில் வரும். ஆசிரியர் லீவு போட்டு, மாற்று ஆள் போகாத வகுப்பில் வரும். பையன்கள் கழிப்பறையின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டின் கடைசி வரிசை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள மறைவு, சாயங்காலம் லாங் பெல்லுக்குப் பிறகு பஸ் ஸ்டாப். இவைதான் இடங்கள். நெல்லைச் சீமையின் அரசுப் பள்ளிகளில் விலங்கியல் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பள்ளிக்கு மாறுதலாகிப் போனாலும் முதலில் இந்த இடங்களைத்தான் நடந்து பார்ப்பேன். ஃபைல் எல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் கேமராவும் உயரமான காம்பவுண்டுச் சுவரும் பலருக்கு நினைவுக்கு வரும். இரண்டும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாத வகுப்பில் கேமரா என்ன செய்யும்? அடிபட்ட பிறகு யார் அடித்தது என்று காட்டும். எனக்கு வேண்டியது அடி விழாமல் இருப்பது. அதனால் எந்த ஆசிரியர் லீவு என்பது காலை எட்டரைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று கறாராக இருந்தேன். பிரேயர் முடிவதற்குள் உதவித் தலைமையாசிரியர் மாற்று வகுப்புப் பட்டியலைப் போட்டுவிடுவார். ஓய்வுப் பாடவேளை போய்விட்டதே என்று ஆசிரியர்களுக்கு வருத்தம் இருக்கும், நியாயம்தான். காலிப்பணியிடம் இருக்கிற பள்ளியில் இருக்கிறவர்கள் தலையில்தான் எல்லாம் விழுகிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற அதிகாரிகள் முதலில் நிரப்ப வேண்டியது அந்தக் காலிப்பணியிடங்களை. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு மணி நேரம் ஆசிரியர் இல்லை என்றால் அங்கே பாடம் மட்டும் நின்றுபோவதில்லை.

பஸ்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பள்ளியின் எல்லை கேட்டோடு முடிவதாக நினைக்கிற தலைமையாசிரியர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் சாயங்காலம் ஒரே டவுன் பஸ். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் போக வேண்டும். படிக்கட்டில் தொங்குவது ஒரு ஆபத்து, அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து உள்ளே இருந்தது. எந்த ஊர்ப் பையன்கள் எந்த ஸீட், எந்தப் படிக்கட்டில் யார் ஏறலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் கண்டக்டர் அண்ணாச்சிதான். “டீச்சர், பின்படிக்கட்டு சரியில்ல. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்த ஏறவிட மாட்டேங்கு. நான் சத்தம் போட்டா எனக்கே பதில் பேசுதானுவ” என்றார். எங்கள் ஆசிரியர்கள் ஒருவருக்கும் இது தெரியாது. நாங்கள் எல்லாரும் பைக்கிலும் வேறு பஸ்ஸிலும் போகிறவர்கள்.

டிப்போ கிளை மேலாளரை நேரில் போய்ப் பார்த்தேன். கடிதம் கொடுத்தேன், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் இணைத்துக் கொடுத்தேன். வேறு தடத்தில் ஓடுகிற வண்டி ஒன்றை எங்கள் ஸ்டாப் வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஆறிலிருந்து எட்டு வரை உள்ள பிள்ளைகளை முதல் வண்டிக்கும் மற்றவர்களை அடுத்த வண்டிக்கும் விட்டோம். வண்டி ஏறும் வரை இரண்டு ஆசிரியர்கள் ஸ்டாப்பில் நிற்பது என்று முறை வைத்தோம். அந்த வருஷம் பள்ளிக்குள் நடந்த சண்டைகளும் குறைந்தன. ஏனென்றால் பஸ்ஸில் தள்ளுப்பட்டவன் மறுநாள் காலை வகுப்பில்தான் அதைத் தீர்த்துக்கொள்வான்.

கட்டடங்களைப் பற்றி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். சத்துணவுக் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. இறந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் அந்த வாரத்துக்குள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்துப் போட்டோம். அந்த விபத்தை முன்வைத்துப் போடப்பட்ட வழக்கில்தான் 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று பள்ளிகள் வாங்கி வைக்கிற காகிதங்களுக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை இளைய தலைமையாசிரியர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

காகிதம் இருந்தாலும் சுவர் விழும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அன்றைக்கு உலை வைக்காத வீடுகள் உண்டு. அதன்பிறகு மாநிலம் முழுவதும் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அந்தக் கணக்கெடுப்புக்கு இன்ஜினியர் வருவதற்கு முன் எங்கள் பள்ளித் தூய்மைப் பணியாளரை அழைத்து, “எந்தச் சுவரு உங்களுக்குப் பயமா இருக்கு?” என்று கேட்டேன். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. நேரே என்னை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். “மழ பெஞ்சா இது நடுவுல வயிறு தள்ளுது டீச்சர். நான் இந்தப் பக்கம் பெருக்கும்போது தள்ளி நின்னுதான் பெருக்குவேன்” என்றார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் சுவர் உண்மையாகவே உப்பியிருந்தது. நேரே பார்த்தால் வெள்ளையடித்த நல்ல சுவர். அன்றே பெஞ்சுகளைக் குறுக்கே போட்டு, கயிறு கட்டி, பிள்ளைகள் போகாமல் தடுத்தோம். பொதுப்பணித்துறை வந்து பார்த்து இடிக்கச் சொன்னது. அதுவரை எத்தனை மழைக்காலம் அந்த அம்மா தள்ளி நின்று பெருக்கியிருப்பாரோ. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது தானாக வந்து சொல்கிற இடத்தில் பள்ளிக்கூடம் அவரை வைத்திருக்கவில்லை.

இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது இதுதான்: பள்ளியில் நடக்கப்போகிற எதுவும் யாரோ ஒருவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அவர் சொல்வாரா என்பதும், சொன்ன பிறகு அவருக்கு என்ன ஆகும் என்பதும்தான் கேள்வி.

இரண்டாவது கேள்வியை எங்கள் பகுதி ரத்தத்தோடு பார்த்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவனோடு பள்ளியில் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தொந்தரவு தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை அவன். விஷயம் பள்ளிக்குத் தெரிந்து, புகாரும் ஆன பிறகுதான் அது நடந்தது. அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்து அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தான் என்பதை எல்லாரும் கொண்டாடினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் படிக்க வேண்டியது அந்த மதிப்பெண்ணை அல்ல, புகாருக்கும் இரவுக்கும் நடுவில் இருந்த அந்தச் சில மணி நேரத்தை.

பொதுவாகப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு பையன் வந்து சொல்வான். உடனே அட்டெண்டர் போய், “ஹெச்.எம். கூப்பிடுதாங்க” என்று சொல்லி நாலு பேரை வகுப்பிலிருந்து அழைத்து வருவார். மொத்த வகுப்பும் பார்க்கும். எதிரும் புதிருமாக நிற்க வைத்து விசாரணை. கண்டிப்பு, மன்னிப்புக் கடிதம், கை குலுக்கல். நாலு இருபதுக்கு லாங் பெல். சொன்னவனும் அந்த நாலு பேரும் ஒரே வழியாக, ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்.

நான் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு. நன்றாகப் படித்தவன், அடிக்கடி லீவு போட ஆரம்பித்தான். வகுப்பாசிரியை போன் போட்டால் வீட்டில் வயிற்றுவலி என்றார்கள். அவன் வந்த நாளில் என் அறைக்குக் கூப்பிடவில்லை. லேபில் ஃபார்மலின் பாட்டில்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்ட ஆள் வேண்டும் என்று இரண்டு மூன்று பேரை வரச் சொன்னேன், அவனும் ஒருவன். மற்றவர்கள் கை கழுவப் போனபோது கேட்டேன். பசையைத் தேய்த்துக்கொண்டே நிமிராமல் பேசினான். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள், கைக்கு ஒரு வேலை இருந்தால் சொல்வார்கள்.

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்.”

“அந்தச் சத்தியம் பண்ண மாட்டேன்பா. செய்யாம இருக்க முடியாது. ஆனா உனக்குச் சொல்லாம ஒண்ணும் செய்ய மாட்டேன். யார்ட்ட பேசப்போறேன், என்னைக்குப் பேசப்போறேன்னு ஒவ்வொண்ணும் முதல்ல உன்ட்ட சொல்லுவேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ஊர் பேரையும் ஆள் பேரையும் சொன்னான். வேலை ஏவுவது, மறுத்தால் சாதியைச் சொல்லித் திட்டுவது, டிபன் பாக்ஸைத் தட்டிவிடுவது. இதில் எதையும் பையன்கள் விளையாட்டு என்று தள்ள முடியாது.

அன்று நான் அந்தப் பையன்களைக் கூப்பிடவே இல்லை. முதல் வேலை, இவனை வீட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்பது. அவன் மாமாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னோம். அவருக்கு விஷயத்தைச் சொல்லி, ஊரில் போய் வாய் திறக்க வேண்டாம், நாளை காலை பதினொரு மணிக்கு நானே பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். காவல் நிலையத்தில் பெண் எஸ்.ஐ.யிடம் சொல்லி, அந்தத் தெருவில் இரவு ரோந்து போகக் கேட்டோம். மறுநாள் மற்ற பையன்களின் அம்மாக்களை மட்டும் வரச் சொன்னேன். ஆண்கள் வந்தால் பின்னாலேயே ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள், பிறகு பேச்சு பிள்ளையைப் பற்றி இருக்காது. ஒவ்வொரு அம்மாவிடமும் தனித்தனியாக, அவள் மகனை வைத்துக்கொண்டு பேசினோம். இன்னொரு முறை என்றால் சட்டப்படி என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னோம். தெரிந்துகொண்டது பஸ் கண்டக்டர் வழியாக, சத்துணவுக் கூடம் வழியாக, பல பேரிடமிருந்து என்றோம். அதுவும் பொய் இல்லை, அன்று காலையே அவர்களிடமும் விசாரித்திருந்தோம். அதன்பின் இரண்டு வாரம் உடற்கல்வி ஆசிரியர் அதே பஸ்ஸில் ஏறி இறங்கினார். அவர் வீடு வேறு திசையில். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அந்தப் பள்ளி கொடுத்துவைத்தது.

கையில் கட்டுகிற நிறக் கயிற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த நிறச் சேர்க்கை எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே எங்கள் பக்கம் தெரியும். 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநரகம் இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியபோது பெரிய சர்ச்சை ஆனது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. பெயரின் அகரவரிசையில் உட்கார வையுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. எல்லாமே செய்யக்கூடியவை. வகுப்பில் எழுந்து நிற்க வைத்து ஸ்காலர்ஷிப்புக்குப் பேர் வாசிப்பதை நான் எந்தப் பள்ளியிலும் அனுமதித்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் யார் என்ன சாதி என்று அறுபது பேருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் கயிற்றை பிரேயரில் நிற்க வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன், வெட்டாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். “சாமி கயிறு டீச்சர்” என்பார்கள். “சரி, வீட்டுல சாமி படத்துக்குக் கீழ வைங்க. சாயந்தரம் கட்டிக்கட்டும்” என்பேன். சபையில் அவமானப்பட்ட பையன் அதற்கான பழியை எளியவன் ஒருவன் மேல்தான் தீர்ப்பான்.

பெண் பிள்ளைகள் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கும். அங்கே வந்து சீட்டுப் போட எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது, எல்லார் கண்ணும் அங்கேதான். நாங்கள் பெட்டியைப் பெண்கள் பகுதியில், நாப்கின் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் மாட்டினோம். முதலில் வந்த சீட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்று மதியமே ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். மறு வாரம் பெட்டியில் வேறு மாதிரி ஒரு சீட்டு இருந்தது. பென்சிலில், மூன்றே வரி. தாழ்ப்பாள் வந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். சின்னதைச் சொன்னால் கேட்கிறார்களா என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். கேட்டால் பெரியதைச் சொல்கிறார்கள்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளி முதலில் தானே விசாரித்து, உண்மையா என்று உறுதி செய்துகொண்டு, பிறகு போலீசுக்குப் போகலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காவல்துறைக்குச் சொல்வதோடு 1098க்கும் போன் செய்யலாம், அவர்கள் வருவார்கள். வாக்குமூலம் எடுக்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது, பிள்ளை விரும்பும் இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பதையும் தலைமையாசிரியர் தெரிந்து வைத்திருந்து கேட்டு வாங்க வேண்டும். “பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போகும் டீச்சர்”, “பொம்பளப்பிள்ள வாழ்க்க டீச்சர்” என்று பேச ஆட்கள் வருவார்கள். நல்லவர்களும் வருவார்கள். வாசலிலேயே நிற்க வைத்துப் பதில் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

அந்தச் சீட்டு எழுதிய பிள்ளை ஒரே ஒரு ஆசிரியையிடம், ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டோம். மீண்டும் மீண்டும் ஆள் மாற்றி ஆள் கேட்க நான் விடவில்லை. புகார் கொடுத்த பிறகு அவள் பள்ளிக்குத் திரும்பிய நாளுக்குத்தான் அதிகம் தயார் செய்தோம். எந்த ஆசிரியரும் ‘எப்படிம்மா இருக்க’ என்று கையைப் பிடித்து உருகக் கூடாது, விட்டுப்போன பாடத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று சொல்லிவைத்தேன். வரவில்லை என்று பதிவான நாட்களைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் தோழியை மாற்றவில்லை. காலாண்டுத் தேர்வை அவள் எல்லாரோடும் எழுதினாள்.

ஆசிரியர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அடுத்த நாள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இனிமேல் எவனையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஆசிரியர் ஒதுங்கிக்கொண்ட வகுப்பில் அடுத்து அடிபடுவது மாணவன்தான். பிரம்புக்குத் திரும்ப வேண்டும் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதை ஏற்க மாட்டேன், அடி வாங்குகிற பிள்ளை எந்த விஷயத்தையும் வந்து சொல்ல மாட்டான். நாங்கள் செய்தது, எந்த மாணவனையும் தனி ஆளாக ஒரு ஆசிரியர் சமாளிக்க வேண்டாம் என்று வைத்ததுதான். ரிமார்க் எழுதினால் இரண்டு பேர் கையெழுத்து. பெற்றோர் கோபமாக வந்தால் அந்த ஆசிரியரைத் தனியாக வெளியே அனுப்ப மாட்டோம்.

2024 நவம்பரில் தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில், வெளியிலிருந்து வந்தவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஓர் இளம் ஆசிரியையைக் கொன்றான். அரசுப் பள்ளிகளில் கேட்டுக்குக் காவலாளி கிடையாது என்றே சொல்லலாம். இருக்கிற இடங்களிலும் பி.டி.ஏ. காசில் வைத்த வயதானவர்தான். அந்த வாரம் பெண் ஆசிரியர்களை மட்டும் உட்கார வைத்து, வெளியில் யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா, வழியில் யாராவது நிற்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டேன். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் ஒருவர் மட்டும் கையெழுத்து வாங்குவதுபோல் வந்து நின்றார். போனில் இருந்த மெசேஜ்களைக் காட்டினார். மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தவை. வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று மறைத்திருந்தார்.

மாணவனுக்குச் செய்த அதே வரிசைதான். முதலில் அன்றைக்கு வீட்டுக்கு யாரோடு போவது. பிறகு மகளிர் காவல் நிலையம், நானும் கூடப் போனேன். பிறகு கேட்டில் பதிவேடு, யாராக இருந்தாலும் பெயர் எழுதி, கூப்பிட்ட ஆள் வந்து பார்த்த பிறகே உள்ளே. வீட்டில் அவர் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசினேன், வேலையை விடச் சொல்லாதீர்கள் என்று. அந்தப் பள்ளிக்கு நிரந்தரக் காவலாளி கேட்டு மேலே அனுப்பிய கடிதங்களுக்கு நான் ஓய்வு பெறும் வரை பணியிடம் வரவில்லை. அடுத்து பொறுப்பேற்றவரிடம் அந்த நகல்களைத் தனி ஃபைலாகக் கொடுத்துவிட்டு வந்தேன், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆசிரியை அங்கேதான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார்.